அலங்காரம்தானே?

போன மாதம் ஒரு நண்பர் வீட்டுக்கு வந்திருந்தார். சிற்பக்கலையை முறையாகப் படித்தவர், கண் கூர்மையானவர், மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். எங்கள் குடியிருப்பின் வாசலில், சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், நான் சிமென்டில் செய்து உடைந்த டைல்ஸ் ஒட்டி வைத்திருக்கும் பறவையை ஒரு சுற்று சுற்றி வந்தார். "நல்லா இருக்கு" என்றார். நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், "ஆனா இது சிற்பம் இல்லப்பா, அலங்காரம்தான்" என்றார்.

அந்தத் 'தான்' இருக்கிறதே, அதுதான் அன்று ராத்திரி தூங்கவிடவில்லை. அலங்காரம் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருப்பேன். அந்த ஒரு அசையில் என் பறவையைத் தூக்கி பூச்சாடி வரிசையில் வைத்துவிட்டார். அவரிடம் அப்போதே பதில் சொல்லத் தெரியவில்லை, எனக்கு எப்போதும் மறுநாள்தான் பதில் வரும். அதனால் இங்கே எழுதுகிறேன். அவர் படிப்பார் என்று தெரியும்.

பொது இடத்துச் சிற்பம் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஒரு பீடம், அதன் மேல் ஒரு வெண்கல ஆள், கீழே பெயரும் தேதியும் பொறித்த கல். அதை யாரும் அலங்காரம் என்று குறைத்துச் சொல்வதில்லை, ஏனென்றால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது, ஒருவரை நினைவுபடுத்துவது. சரி, ஆனால் தினமும் அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆள் எந்தக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார் என்று தெரியும்? எனக்குப் பிடித்த சிற்பங்களில் ஒன்றுகூட பீடத்தில் இல்லை. ஒன்று வலை, ஒன்று பூச்செடி, ஒன்று கண்ணாடி மாதிரி பளபளக்கிற எஃகு, ஒன்று கடலுக்கடியில் கிடக்கிறது, மிச்சமெல்லாம் உடைந்த தட்டும் உடைந்த பாட்டிலும். எல்லாமே அலங்காரம். கொஞ்சமும் கூச்சமில்லாத அலங்காரம்.

உடைந்த தட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் என் பறவைக்கும் அதுதான் பூர்வீகம்.

சைமன் ரோடியா என்று ஒருவர். இத்தாலியிலிருந்து பிழைப்புக்காக அமெரிக்கா போன கட்டட வேலைக்காரர், உயரம் ஐந்தடிக்கும் குறைவு. லாஸ் ஏஞ்சலிஸில் வாட்ஸ் என்ற பகுதியில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில், முக்கோணமாக ஒரு மனை வாங்கினார். 1921-ல் அந்த மனையில் கோபுரம் கட்ட ஆரம்பித்தவர் 1954 வரை, 33 வருடம், தனி ஆளாகக் கட்டிக்கொண்டே இருந்தார். பகலில் கூலி வேலை, மிச்ச நேரமெல்லாம் கோபுரம். வெல்டிங் கிடையாது, போல்ட் கிடையாது, சாரம்கூடக் கிடையாது. இரும்புக் கம்பியைத் தண்டவாளத்தின் அடியில் செருகி, உடம்பு எடையைப் போட்டு வளைப்பார். கம்பியும் கம்பியும் சேரும் இடத்தில் கட்டுக்கம்பி சுற்றி, மேலே கம்பி வலை போர்த்தி, அதன் மேல் சிமென்ட் கலவையை அப்புவார். கலவை காய்வதற்குள் பீங்கான், பச்சை பாட்டில் துண்டு, சிப்பி, கிளிஞ்சல் என்று கையில் கிடைத்ததை அழுத்திப் பதிப்பார். உயரமான இடங்களுக்கு, ஜன்னல் துடைக்கிறவர்கள் கட்டிக்கொள்ளும் பெல்ட் ஒன்றை இடுப்பில் மாட்டி, தான் கட்டிய வளையங்களையே ஏணியாக்கி ஏறினார். சில இடங்களில் கருவிகளையும் பாத்திரங்களையும் ஈரச் சிமென்டில் அச்சாக அழுத்தி எடுத்திருப்பார். மொத்தம் 17 கட்டுமானங்கள். உயரமானது கிட்டத்தட்ட 30 மீட்டர்.

1955-ல் இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சும்மா கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை. 33 வருடம் கட்டியதை ஒருவர் எப்படி அப்படி விட்டுவிட்டுப் போக முடிந்தது என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. ஒரு பறவையின் மூக்கு உடைந்ததற்கே நான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அவர் போன பிறகு நகராட்சி, இது பாதுகாப்பில்லாத கட்டுமானம், இடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஊரில் சிலர் சண்டைக்கு நின்றார்கள். கடைசியில் ஒரு பரீட்சை வைத்துவிடலாம் என்று முடிவானது. விண்வெளித் துறையில் இருந்த ஒரு பொறியாளர் கணக்குப் போட்டார். 1959 அக்டோபரில், உயரமான கோபுரத்தில் எஃகு வடம் கட்டி, 10,000 பவுண்டு, அதாவது நாலரை டன்னுக்கும் மேல் விசை கொடுத்துப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தார்கள். கோபுரம் நின்ற இடத்தில் நின்றது. இழுக்க வைத்திருந்த கருவிதான் வளைந்துபோனது. இந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

சண்டிகரில் நேக் சந்த் கதையும் ஏறக்குறைய இதே மாதிரிதான், ஆனால் அதில் ஒரு திருட்டுத்தனம் கூட இருக்கிறது. அவர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். லெ கோர்பூசியே என்ற கட்டடக் கலைஞர் வரைந்த புது நகரம் எழும்பிக்கொண்டிருக்கிறது, எல்லாம் நேர்கோடு, எல்லாம் கான்கிரீட். அந்த நகரத்துக்காக இடித்த கிராமங்களின் குப்பைகளை இவர் சைக்கிளில் அள்ளிக்கொண்டு போய், எதுவும் கட்டக் கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்த காட்டுப் பகுதியில், 1957-லிருந்து யாருக்கும் தெரியாமல் ஒரு ராஜ்யம் கட்டிக்கொண்டிருந்தார். உடைந்த வளையலில் பாவாடை கட்டிய பெண்கள், உடைந்த பீங்கானில் படை வீரர்கள், வரிசை வரிசையாக. 1970-களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது அது பல ஏக்கர் பரவியிருந்தது. சட்டப்படி பார்த்தால் இடித்திருக்க வேண்டும். மக்கள் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்துவிட்டதால் இடிக்க முடியவில்லை. 1976-ல் பூங்காவாகத் திறந்து, அவருக்கே சம்பளமும் ஐம்பது வேலையாட்களும் கொடுத்து, நீயே தொடர்ந்து கட்டு என்று விட்டுவிட்டார்கள்.

இவர்களுக்கெல்லாம் முன்னாலேயே பார்சிலோனாவில் அன்டோனி கௌடி என்ற கட்டடக் கலைஞர் இதைச் செய்துவிட்டார். பார்க் குவெல் என்ற பூங்கா, 1900-லிருந்து 1914 வரை. அங்கே பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போகும் நீண்ட பெஞ்ச் ஒன்று. அதன் மேல் உடைந்த டைல் ஒட்டும் வேலையில் பெரும்பங்கு அவருடைய உதவியாளர் ஜுஜோலுடையது. இந்த முறைக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'திரென்காதீஸ்', உடைப்பது என்ற வினையிலிருந்து வந்த சொல். அந்த பெஞ்ச் உட்கார்வதற்கு மட்டுமில்லை, அது அந்த மேடையின் கைப்பிடிச் சுவரும்கூட. மேடையில் விழும் மழைத்தண்ணீர் கீழே தாங்கி நிற்கும் தூண்களின் உள்ளே இறங்கி அடியில் உள்ள தொட்டியில் சேர்கிறது. இதில் எது வரைக்கும் கட்டடம், எங்கிருந்து அலங்காரம் என்று கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஏன் உடைந்த துண்டு? காசு மிச்சம் என்பது ஒரு பக்கம். எனக்கே வேலை செய்யும்போதுதான் மற்ற காரணங்கள் புரிந்தன. டைல் தட்டையானது. வளைந்த பரப்பில் முழு டைலை வைத்தால் நடுவில் மட்டும் ஒட்டும், நாலு மூலையும் தூக்கிக்கொண்டு நிற்கும். எவ்வளவு சின்னதாக உடைக்கிறோமோ அவ்வளவு நன்றாக வளைவோடு படியும். அதனால் வயிற்றுப் பக்கம் பெரிய துண்டுகள், கழுத்துக்கு நகம் அளவு துண்டுகள். அப்புறம், ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் கொஞ்சம் வேறு கோணத்தில் உட்காரும் என்பதால் வெயில் ஒரே இடத்தில் பட்டுத் தெறிக்காது, நாம் நடக்க நடக்க ஒவ்வொன்றாக மின்னி அடங்கும். ஒரே வழவழப்பாகப் பூசிய பரப்பில் இது வரவே வராது. மூன்றாவது, மேலே பளபளப்பு ஏற்றிச் சுட்ட டைல் மழைக்கும் வெயிலுக்கும் அசையாது, நிறம் வெளுக்காது. பெயின்ட் அடித்த சிமென்ட் பொம்மையை இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் தெரியும் வித்தியாசம்.

இப்போது என் பறவை. எட்டு மாதக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன் (சுருக்கமாகச் சொல்ல முடிகிறதா பார்க்கலாம்). 8 மில்லிமீட்டர் கம்பியில் எலும்புக்கூடு, மேலே கோழி வலை இரண்டு சுற்று, கட்டுக்கம்பி. இதுவரை எல்லாம் ஒழுங்காகப் போனது. கலவை போடும் நாளில் ஆர்வம் தாங்காமல் கழுத்து, தலை, மார்பு என்று ஒரே மூச்சில் கெட்டியாக அப்பிவிட்டேன். ராத்திரி படுக்கப் போகும்போது அன்னம் மாதிரி இருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் கழுத்துக் கலவை முழுக்க வழிந்து மார்பில் இறங்கி, பறவைக்குத் தொண்டையில் பெரிய கட்டி வந்தமாதிரி ஒரு கோலம், மேலே வெறும் கம்பி துருத்திக்கொண்டிருக்கிறது. எங்கள் காவலாளி அண்ணன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, கொத்தனார் யாரையாவது கேட்டுச் செஞ்சிருக்கலாம்ல" என்றார். கேட்டேன். அவர் காட்டிவிட்ட ஒரு கொத்தனார் வந்து பார்த்துச் சிரித்து முடித்த பிறகு சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, முதல் பூச்சு மெல்லிசாக வலைக்குள் புகுகிற அளவுக்கு மட்டும், அது இறுகும் முன் ஆணியால் கீறிவிடு, அடுத்த நாள் அடுத்த பூச்சு அந்தக் கீறலைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு, ஈரச்சாக்கு சுற்றி ஒரு வாரம் தண்ணீர் காட்டு, காய்வதற்கு அவசரப்படாதே, சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீர் குடித்து இறுகுகிறது. நான் அதுவரை படித்த எதிலும் இவ்வளவு தெளிவாக யாரும் எழுதியிருக்கவில்லை.

டைல் ஒட்டி முடித்ததும் கொத்தனார் திரும்ப ஒருநாள் வந்தார். பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை வால் நுனியிலிருந்து தலை வரைக்கும் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். மூன்று இடத்தில் நிறுத்தினார். மூன்றிலும் உடைந்த விளிம்பு வெளிப்பக்கம் திரும்பியிருந்தது, பிளேடு மாதிரி. "பிள்ளைங்க கை வைக்கும்" என்றார், அவ்வளவுதான். பெயர்த்து எடுத்துத் திருப்பி ஒட்டி, இடுக்குகளில் சாந்து நிரப்பி, ஈர ஸ்பாஞ்சால் உருட்டித் துடைத்தேன். கண்காட்சிக் கூடத்தில் இருக்கும் சிற்பத்துக்கு 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை போதும். வாசலில் இருக்கிற சிற்பத்துக்கு அந்த உள்ளங்கைதான் பரீட்சை. நண்பரே, உங்கள் கல்லூரியில் இதற்கு எத்தனை மதிப்பெண்?

கொஞ்சம் சூடாகிவிட்டேன். எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதிர்த்தரப்பில் ஒரு பெரிய ஆள் இருக்கிறார்.

ரிச்சர்ட் செர்ரா என்ற அமெரிக்கச் சிற்பி 1981-ல் நியூயார்க்கில் ஓர் அரசு அலுவலகச் சதுக்கத்தின் குறுக்கே எஃகுத் தகடு ஒன்றை நிறுத்தினார். 'டில்டட் ஆர்க்', சாய்ந்த வளைவு. நீளம் 120 அடி, உயரம் 12 அடி, இரண்டரை அங்குலத் தடிமன். வேண்டுமென்றே துருப்பிடிக்க விடப்பட்ட எஃகு. அலுவலகத்துக்குப் போகிறவர்கள் நேராக நடக்க முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். அதுதான் அவருடைய நோக்கமே. நடக்கிறவர் தன் நடையை உணர வேண்டும், இடம் என்பதை உடம்பால் உணர வேண்டும். அழகுபடுத்துவது தன் வேலை இல்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் எரிச்சலடைந்து மனு மேல் மனு போட்டார்கள். 1985-ல் பொது விசாரணை நடந்தது. பேசிய 180 பேரில் 122 பேர் அது இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுக்கச் சொன்னார்கள். அப்படியிருந்தும் நடுவர் குழு நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் எடுத்துவிடலாம் என்று தீர்ப்பளித்தது. வேறு இடத்தில் வைக்கலாமே என்றபோது, இந்த இடத்துக்காகவே செய்தது, இடத்தை மாற்றினால் அதை அழித்ததாகத்தான் அர்த்தம் என்று செர்ரா சொல்லிவிட்டார். வழக்கும் நடந்தது. 1989 மார்ச்சில் ஒரு ராத்திரியில் அதை மூன்று துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

இதில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்னமும் இழுபறிதான். அவருடைய மற்ற எஃகு வளைவுகளின் படங்களைப் பார்த்தாலே எனக்கு முதுகு சில்லிடும். ஆனால் தினமும் காலை ஒன்பது மணிக்குக் கையில் பையோடு ஓடுகிறவனுக்கு நீ உன் நடையை உணர்ந்தே ஆக வேண்டும் என்று யார் ஆணையிட்டது? கூடத்துக்குள் இருக்கிற சிற்பத்தைப் பார்க்க நாமாகப் போகிறோம். சதுக்கத்தில் இருப்பது நம்மைக் கேட்காமல் நம் எதிரே வந்து நிற்கிறது. கேட்காமல் வந்தவர் கொஞ்சம் சிரித்த முகத்தோடு வந்தால்தான் என்ன? அலங்காரம் என்பதை நான் அந்தச் சிரித்த முகமாகத்தான் பார்க்கிறேன். அதே சமயம், 122 பேர் சொன்னதையும் மீறித் தூக்கினார்களே, அதுவும் நியாயமில்லை. சரி, இதை இப்படியே விடுகிறேன்.

ஜேனட் எச்செல்மன் என்ற அமெரிக்கக் கலைஞர், செர்ரா மாதிரி குறுக்கே சுவர் எழுப்புவதே வேண்டாம் என்று முடிவு செய்தவர். ஆரம்பத்தில் அவர் ஓவியர். 1997-ல் ஓவியக் கண்காட்சி நடத்த மாமல்லபுரம் வந்தார், கப்பலில் அனுப்பிய பெயின்ட் வந்து சேரவில்லை. சிற்பத்துக்குப் பேர்போன ஊர் என்பதால் வெண்கலத்தில் முயன்று பார்த்தார், கனமும் அதிகம், செலவும் அதிகம். ஒரு மாலை கடற்கரையில் மீனவர்கள் வலையைச் சுருட்டிக் குவிப்பதைப் பார்த்தார். கனமே இல்லாமல் இவ்வளவு பெரிய உருவம் செய்யலாமே என்று அங்கேயே பொறி தட்டியது. அந்த மீனவர்களோடு சேர்ந்துதான் முதல் வலைச் சிற்பங்களைச் செய்தார். பல்லவர் பாறையைக் குடைந்த கரையில் நின்றுகொண்டு, காற்றில் மிதக்கிற ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

2015-ல் பாஸ்டன் நகரில் கட்டடங்களுக்கு நடுவே, சாலைக்கு மேலே, அவர் கட்டித் தொங்கவிட்ட வலையில் 100 மைலுக்கும் அதிகமான கயிறு, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகள். அதே எடை எஃகைவிடப் பதினைந்து மடங்கு உறுதியான செயற்கை இழை. காற்று அடித்தால் முழுதும் அலைபாயும், ராத்திரி வெளிச்சம் போட்டால் நிறம் மாறும். காணொலியில்தான் பார்த்திருக்கிறேன். வலைக்குக் கீழே புல்லில் ஜனங்கள் மல்லாந்து படுத்துக் கிடக்கிறார்கள். அலுவலக உடுப்போடு, டையோடு, படுத்துக் கிடக்கிறார்கள். செர்ரா ஆட்களை நடக்க வைத்தார், இவர் படுக்க வைத்தார். இரண்டுமே உடம்பைத்தான் தொடுகின்றன. கொஞ்சம் யோசித்தால் இவர்கள் இருவரும் அவ்வளவு எதிரிகள் இல்லையோ என்றுகூடத் தோன்றுகிறது.

சிகாகோவில் அனிஷ் கபூரின் 'கிளவுட் கேட்' எல்லோருக்கும் தெரிந்ததுதான், அவரைக்கொட்டைபோல இருப்பதால் ஊரே 'பீன்' என்று கூப்பிடுகிறது. 168 எஃகுத் தகடுகளை ஒட்டி, ஒட்டு தெரியாமல் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கி, 2006-ல் முறைப்படி திறந்தார்கள். அந்தப் பளபளப்பைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்த விஷயம் அதைத் துடைக்கிற விஷயம். எல்லோரும் கை வைக்கிறார்கள், குழந்தைகள் மூக்கை ஒட்டிவைத்துப் பார்க்கிறார்கள். அதனால் கீழ் ஆறடியை தினமும் இரண்டு வேளை கையாலேயே துடைக்கிறார்கள், வருடத்துக்கு இரண்டு தடவை முழுசாகச் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவுகிறார்கள். அதில் ஊரும் வானமும் தெரிகிறது என்றால், யாரோ ஒருவர் காலையில் துணியோடு வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

பராமரிப்பை மறைக்காமல் அதையே கலையாக்கியது என்றால் ஸ்பெயினின் பில்பாவ் நகரில் ஜெஃப் கூன்ஸின் 'பப்பி'. கூகன்ஹைம் அருங்காட்சியக வாசலில் 12 மீட்டர் உயரத்துக்கு உட்கார்ந்திருக்கும் நாய்க்குட்டி, உடம்பெல்லாம் பூச்செடி. உள்ளே எஃகுச் சட்டமும் மண்ணும் தண்ணீர்க் குழாய்களும். கிட்டத்தட்ட 38,000 செடிகள், வருடத்துக்கு இரண்டு தடவை, மே மாதமும் அக்டோபரும், மொத்தமாக மாற்றுகிறார்கள். பழைய செடியைப் பிடுங்கிப் போடும் வாரத்தில் நாய்க்குச் சொறி பிடித்தமாதிரி இருக்குமாம். கூன்ஸின் மற்ற வேலைகள் எனக்கு அவ்வளவாக ஒட்டாது, காசு வாடை அடிக்கிறது என்று தோன்றும். இந்த நாய் மட்டும் விதிவிலக்கு. தண்ணீர் ஊற்றாவிட்டால் செத்துப்போகிற சிற்பத்தின் மேல் கோபப்பட முடியவில்லை.

இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற ஆசையையே விட்டுவிட்டவர்கள் கிறிஸ்டோ, ஜான்-குளோட் என்ற கலைஞர் தம்பதி. 1979-ல் அனுமதி கேட்க ஆரம்பித்து, 2005 பிப்ரவரியில் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் நடைபாதைகளில் 7,503 வாசல்கள் நிறுத்திக் காவி நிறத் துணி தொங்கவிட்டார்கள், 37 கிலோமீட்டருக்கு. பதினாறே நாள். பிறகு கழற்றிவிட்டார்கள். இருபத்தைந்து வருட அலைச்சலுக்கு பதினாறு நாள்! ஸ்பான்சர் யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை, தங்கள் வரைபடங்களை விற்றே செலவு செய்தார்கள். மொட்டை மரங்கள், பனி, நடுவே படபடக்கிற துணி. அலங்காரம் என்பதைத் தவிர அதற்கு வேறு எந்த வேலையும் கிடையாது.

கடலுக்கடியில் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது ஜேசன் டிகேர்ஸ் டெய்லருடையது. கரீபியன் தீவான கிரெனடாவில் 2006-ல் கடல் தரையில் சிலைகளை இறக்க ஆரம்பித்தார். கைகோத்து வட்டமாக நிற்கும் குழந்தைகள் அதில் ஒன்று. பவளம் வந்து ஒட்டிக்கொள்வதற்குத் தோதாக, கார அமிலத் தன்மை சமன்பட்ட சிமென்ட், சொரசொரப்பான மேற்பரப்பு. இறக்கியதோடு அவர் வேலை முடிந்தது, மிச்ச அலங்காரத்தைக் கடல் பார்த்துக்கொள்கிறது. கன்னத்தில் கடற்பஞ்சு, தலையில் பவளம். வழவழப்பாக முடிப்பதுதான் நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டு ஸ்பாஞ்சால் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு, சொரசொரப்பாக விட்டால்தான் யாராவது வந்து தங்குவார்கள் என்று ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார் என்பது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

என் பறவையிலும் ஆட்கள் தங்க ஆரம்பித்திருக்கிறார்கள். இடது இறக்கைக்கு அடியில் ஒரு குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. காவலாளி அண்ணன் அதன் வாலில் துடைக்கிற துணியைக் காயப்போடுகிறார், முதலில் எனக்குச் சுருக்கென்று இருந்தது, இப்போது துணி இல்லாவிட்டால்தான் வால் வெறிச்சென்று தெரிகிறது. இரண்டாம் மாடிப் பிள்ளைகள் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து உட்கார்ந்து நடு முதுகில் சாந்து தேய்ந்து பள்ளமாகிவிட்டது. மூக்கு உடைந்ததும் அப்படி ஏறியதில்தான். யார் உடைத்தது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆனால் அதற்கு நாலு நாள் கழித்துக் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு துணிப்பை. உள்ளே செய்தித்தாளில் சுற்றிய உடைந்த காப்பிக் கோப்பைகள் மூன்று, ஒரு மஞ்சள் தட்டில் பாதி. சீட்டு எதுவும் இல்லை. அடுத்த வாரம் இன்னொரு பை, இது வேறு வீட்டிலிருந்து, ஏனென்றால் இதில் பழைய குளியலறை டைல் இருந்தது, எங்கள் கட்டடத்தில் அந்தப் பச்சை டைல் மூன்றாம் மாடியில் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். இப்போது படிக்கட்டுக்கு அடியில் நாலு பை சேர்ந்துவிட்டது. மூக்கை அந்த மஞ்சள் தட்டில் செய்துவிட்டேன், இந்தத் தடவை உள்ளே 12 மில்லிமீட்டர் கம்பி. ஒரு நீலக் கோப்பையின் கைப்பிடி மட்டும் உடையாமல் முழுசாக வந்திருக்கிறது, அதைச் சுத்தியலால் தட்ட மனசு வரவில்லை. அதை அப்படியே எங்காவது வைக்க வேண்டும். கொண்டை எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், நண்பர் அடுத்த முறை வரும்போது அவரையே கேட்கலாம்.